கட்டில் எந்தப் பக்கம் சுவரை ஒட்டிக் கிடந்தது?

கேள்வி: ஆக்குபேஷனல் தெரபி (குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) படித்துவிட்டு ஒரு பெரிய மருத்துவமனையில் மூன்றாவது வருடமாக வேலை பார்க்கிறேன். நரம்பியல், எலும்பு, பொது மருத்துவம் என மூன்று வார்டுகளுக்கும் நான் ஒருத்திதான். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள்தான் டாக்டர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். படிவத்தை நிரப்பி மார்க் போட்டுக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. நோயாளிகளின் வீட்டார் என்னை "பிசியோ மேடம்" என்கிறார்கள். போன மாதம், பக்கவாதம் வந்து தேறிய 61 வயதுக்காரர் ஒருவருக்கு 100க்கு 85 போட்டேன். "பாத்ரூமுக்குத் தனியா விடலாமா?" என்று அவர் மனைவி கேட்டார். விடலாம் என்றேன். வீட்டுக்குப் போன ஐந்தாம் நாள் ராத்திரி குளியலறை நிலைப்படியில் இடது தோள் இடித்து விழுந்து, இடது இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து இப்போது எங்கள் எலும்பு வார்டிலேயே படுத்திருக்கிறார். மூன்று நாளாக நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. குழந்தைகளுக்கான தெரபி சென்டர் ஒன்றில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. போய்விடலாமா? மருத்துவமனையில் எங்கள் வேலைக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேலையை விடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் நீங்கள் எனக்கு ஒன்று சொல்லுங்கள். அந்தப் பெரியவர் முதல் தடவை உங்கள் வார்டில் இருந்தபோது அவருடைய கட்டில் எந்தப் பக்கம் சுவரை ஒட்டிக் கிடந்தது?

இடது தோள் கதவு நிலையில் இடித்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அவரை நான் பார்த்ததில்லை, ஆகவே இது ஊகம்தான். ஆனால் 22 வருடமாகப் பக்கவாத நோயாளிகளோடு கிடப்பவளின் ஊகம். மூளையின் வலப்பாதியில் அடி வாங்கியவர்கள் பலருக்கு, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தை விட்டு நழுவிவிடும். இதற்கு நெக்லெக்ட் என்று பேர். கண் தெரியும். கை கால் பலம்கூடத் திரும்பியிருக்கும். ஆனால் தட்டில் வலப்பாதியைக் காலி செய்துவிட்டு "இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் போடு" என்பார். வலக் கன்னத்தை மழமழவென்று சவரம் செய்துவிட்டு இடக் கன்னத்தை அப்படியே விட்டு எழுந்துவிடுவார். பார்வையில் ஒரு பாதி போனவர் விஷயம் வேறு. அவருக்குத் தன் குறை தெரியும், கழுத்தைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்வார். நெக்லெக்ட் உள்ளவருக்கு, தான் எதையாவது தவறவிடுகிறோம் என்பதே தெரியாது. தெரியாத ஒன்றைத் தேடி யார் கழுத்தைத் திருப்புவார்கள்?

இப்போது அந்தக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் சுவர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தண்ணீர் பாட்டில் வலப்பக்கம். மருந்து மேசை, கூப்பிடும் மணி வலப்பக்கம். மனைவி உட்காரும் ஸ்டூல் வலப்பக்கம். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து நின்றதும் வலப்பக்கம், நீங்கள் படிவத்தோடு நின்றதும் வலப்பக்கம். அவருக்கு அந்த அறையில் இடப்பக்கம் என்ற ஒன்று தேவைப்படவே இல்லை. எல்லாருக்கும் டக் டக்கென்று பதில் சொல்லியிருப்பார், எல்லாருக்கும் அவர் தேறிவிட்டதாகத் தெரிந்திருக்கும். வீட்டில் கட்டில் வேறு மாதிரி, கதவு வேறு பக்கம். மருத்துவமனை அறை நோயாளியின் குறையை இப்படி மூடி மறைக்கும். எவ்வளவு பேருக்கு மறைத்திருக்கிறது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் வெளியே வரும்.

நீங்கள் போட்ட 85 பார்த்தெல் அளவுகோல் மார்க்காகத்தான் இருக்க வேண்டும். ஃப்ளோரன்ஸ் மஹோனி, டோரதியா பார்த்தெல் இருவரும் 1965இல் வெளியிட்டது. மொத்தம் 10 அன்றாடச் செயல்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற 15, நடக்க 15, குளிக்க வெறும் 5. கவனத்துக்கோ ஞாபகத்துக்கோ நிதானத்துக்கோ அதில் மார்க்கே கிடையாது. 100 வாங்கியவர்கூடத் தனியாகக் குடித்தனம் நடத்திவிடுவார் என்று பொருள் இல்லை, சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ முடியாமல் போகலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, உங்கள் 85 தப்பான மார்க்காக இருக்க வேண்டியதில்லை. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அது விடை இல்லை, அவ்வளவுதான். அவர் கேட்டது ராத்திரி இரண்டு மணியைப் பற்றி. அரைத்தூக்கம், விளக்குப் போடாத அறை, முட்டிக்கொண்டு வரும் அவசரம், பழகிய வீடு என்ற தைரியம். இவை எதுவும் படிவத்தில் இல்லை.

உங்கள் தப்பே இல்லை என்று நான் எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கூப்பிட்டது டாக்டர்களின் தப்பு. மூன்று வார்டுக்கு ஒருத்தியைப் போட்டது நிர்வாகத்தின் தப்பு. ஆனால் "விடலாம்" என்று சொன்னது நீங்கள். அவரை எழுப்பிக் கழிப்பறை வரை நடத்திப் பார்த்துவிட்டுச் சொன்னீர்களா, அல்லது "தனியாப் போறாரா?" என்று கேட்டு, அவர்கள் ஆமாம் என்றதும் குறித்துக்கொண்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. பெரும்பாலும் கேட்டுத்தான் நிரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நேரம் இல்லாதபோது நாம் எல்லாருமே கேட்டுத்தான் நிரப்புகிறோம்.

ஒருவர் தன்னால் முடியும் என்று சொல்வது ஒன்று, செய்து காட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் நம் பிழைப்பே. டாக்டருக்கு ஸ்கேன் இருக்கிறது, சிஸ்டருக்குச் சார்ட் இருக்கிறது, பிசியோவுக்குத் தசையின் பலம் இருக்கிறது. செய்யவைத்து, பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது மட்டும்தான் நமக்கு. அதை விட்டுவிட்டால் நம் கையில் மிஞ்சுவது படிவம்தான். மருத்துவமனையில் நமக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டீர்களே, அந்த இடத்தை நாமே காலி செய்துகொடுத்துவிடுகிறோம் என்பது என் கட்சி.

ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கை சரியாக வராத ஒருவர் சட்டை போட 20 நிமிஷம் ஆகும். சிஸ்டர் போட்டுவிட்டால் இரண்டே நிமிஷம். வார்டில் நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒருவர் சட்டை போடுவதை வேடிக்கை பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்கும்போது, "மேடம், இது ஒரு ட்ரீட்மென்டா?" என்று கேட்காத வீட்டார் குறைவு. அந்த 20 நிமிஷத்தில் நான் என்ன பார்க்கிறேன் என்று எழுதுகிறேன். நீங்கள் படித்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன்.

சட்டையை விரித்து அவர் மடியில் வைக்கிறேன். உள்பக்கம் மேலே, காலர் முட்டிப் பக்கம். பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். விதி இவ்வளவுதான், யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் அவர் குனிந்து இடது கையைத் தேடுகிறாரா? தேடவே இல்லை என்றால் அது ஒரு சேதி. கையைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் கழுத்து ஓட்டையில் நுழைக்கிறார் என்றால் வேறு சேதி. முதுகு சாயாமல் உட்கார்ந்து இதைச் செய்யும்போது எத்தனை நிமிஷத்தில் இடப்பக்கம் சரிகிறார்? சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றாமல் பாதியில் விட்டுவிட்டு வலது கையைப் போட அவசரப்படுகிறாரா? அப்படி விட்டால் முதுகுப்பக்கம் துணி இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதோடு மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டதும் என்ன செய்கிறார்? நிறுத்தி யோசிக்கிறாரா, இன்னும் பலமாக இழுக்கிறாரா, என்னை முறைக்கிறாரா, அழுகிறாரா? நான்காவது பட்டனில் மூச்சு வாங்குகிறதா? போட்டு முடித்து, இடப்பக்கக் காலர் உள்ளே மடங்கிக் கிடக்க, "முடிஞ்சுதும்மா" என்று சிரிக்கிறாரா?

அந்தக் காலர்தான் உங்கள் நோயாளியின் குளியலறை நிலைப்படி. தாளில் கோடுகளை நடுவில் வெட்டச் சொல்லும் சோதனையில் தேறிவிடுகிறவர்கள்கூடச் சட்டையில் மாட்டிக்கொள்வார்கள். நெக்லெக்ட்டை அளக்கக் கேதரின் பெர்ஜெகோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 10 அன்றாடச் செயல்கள், 0 முதல் 30 வரை மார்க், கூடக் கூடப் பாதிப்பு அதிகம். சவரம், தட்டு, சட்டைக் கை, வழியில் இடப்பக்கம் இடிப்பது எல்லாவற்றையும் நேரில் பார்த்துத்தான் போட முடியும், கேட்டுப் போட முடியாது. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

முழுச் சட்டையும் முதல் நாளே போடச் சொல்லி ஒருவரை வெறுப்பேற்ற வேண்டாம். கடைசிப் படியை மட்டும் அவருக்கு விடுங்கள். எல்லாம் போட்டுவிட்டு, கடைசிப் பட்டன் அவருடையது. அடுத்த நாள் கடைசி இரண்டு. முடித்த திருப்தி அவருக்கு, ஒவ்வொரு நாளும் ஒரு படி பின்னால் போவது நமக்கு.

என் கதை ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் மட்டும் எதையும் கோட்டை விடாதவள் மாதிரி ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போன ஓர் இளைஞர். ஆறு வாரம் அவரோடு உழைத்தேன். வீல் சேரிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து கமோடுக்கு, பலகை வைத்து, பிறகு பலகை இல்லாமல். புண் வராமல் இருக்கக் கால் மணி, அரை மணிக்கு ஒரு தரம் கையை ஊன்றி எழும்ப வேண்டும் என்பதை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கைதட்டி வழியனுப்பினோம். மறுநாள் காலை அவருடைய அம்மா போன் செய்தார். "வண்டி பாத்ரூமுக்குள்ள போகலைம்மா." வீல் சேரின் வெளி அகலம் 63 சென்டிமீட்டர், கதவு 60. ஆறு வாரம் அந்தப் பையனின் தோளையும் முழங்கையையும் டிகிரி கணக்கில் அளந்தவள் ஒரு கதவை அளக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு இன்றுவரை, அட்மிஷன் ஆன இரண்டாம் நாளே வீட்டாரிடம் ஒரு வேலை கொடுத்துவிடுவேன். போனை எடுத்துக்கொண்டு, அவர் படுக்கும் கட்டிலில் ஆரம்பித்துக் கழிப்பறை வரை நடந்துகொண்டே வீடியோ எடுங்கள். வழியில் படி எத்தனை, விளக்குச் சுவிட்ச் எந்தக் கைப்பக்கம், கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, தரையில் என்ன கிடக்கிறது, எல்லாம் ஒரு நிமிஷ வீடியோவில் வந்துவிடும். கூடவே கதவு அகலத்தை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்வேன். வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஈடில்லைதான். மூன்று வார்டுக்கு ஒருத்தி என்றால் வீடு வீடாகப் போக முடியுமா?

மூன்று வார்டுக்கு ஒருத்தி என்ற விஷயத்துக்கே வருகிறேன். எல்லாரையும் பத்துப் பத்து நிமிஷம் பார்த்துக் கணக்குக் காட்டுவதை நிறுத்துங்கள். தினமும் நாலு பேரை முழுசாகப் பாருங்கள். யார் அந்த நாலு பேர் என்பதை நைட் டூட்டி முடித்துக் கிளம்பும் சிஸ்டரிடம் கேளுங்கள். "ராத்திரி யாரு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாங்க?" என்று கேட்டால் போதும். புதிதாகப் பக்கவாதம் வந்தவர், வீட்டில் தனியாக இருக்கப்போகிறவர், நேற்று தெளிவாகப் பேசி இன்று குழம்பியிருக்கும் வயதானவர், கைத்தசைநாண் அறுந்து தைத்தவர், இவர்கள் எப்போதும் முன்வரிசை. நாண் தைத்த கை காத்திருக்காது. ஸ்பிளிண்டும் (கையைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் தாங்கி) அசைவும் நாள் கணக்கில் போகிறவை, ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போய்விடும்.

கேஸ் ஷீட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதையும் ஒருமுறை பாருங்கள். "அன்றாடச் செயல் பயிற்சி தரப்பட்டது, நோயாளி ஒத்துழைத்தார்" என்று எழுதினால் ஒரு டாக்டரும் படிக்க மாட்டார். நான் டாக்டராக இருந்தாலும் படிக்க மாட்டேன். இப்படி எழுதிப் பாருங்கள்: "இடப்பக்கம் வைத்த சோப்பை மூன்று முறை சொன்ன பிறகே எடுத்தார். கழிப்பறைக்குப் போகும் வழியில் இடத்தோள் இரண்டு தடவை இடித்தது. இரவில் தனியே விட வேண்டாம். மனைவிக்கு இடப்பக்கம் நின்று கூட நடக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், இன்னும் இரண்டு நாள் வேண்டும்." இதைப் படித்துவிட்டு டிஸ்சார்ஜ் எழுத எந்த டாக்டருக்கும் கை தயங்கும். தயங்கவில்லை என்றாலும் நீங்கள் சொன்னது எழுத்தில் இருக்கிறது.

ரவுண்ட்ஸில் போய் நில்லுங்கள். கூப்பிட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரே ஒரு வாக்கியம் பேசுங்கள், நேற்று கண்ணால் பார்த்ததை மட்டும். ஒரு மாதம் அப்படி நின்றால் மூத்த டாக்டர் உங்கள் பக்கம் திரும்பி "நீங்க என்ன பார்த்தீங்க?" என்று கேட்பார். என் அனுபவத்தில் அதற்கு ஆறு வாரம் பிடித்தது. ஒரு டாக்டர் விஷயத்தில் இரண்டு வருடம் பிடித்தது, அவர் சுபாவம் அப்படி.

துறைத் தலைவரிடம் ஆள் கேட்கப் போகிறீர்கள் என்றால் வெறுங்கையோடு போக வேண்டாம். 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. வென்டிலேட்டரில் இருந்த 104 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் தினமும் மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு தரப்புக்கு மட்டும் கூடவே ஆரம்ப நாட்களிலேயே பிசியோவும் நம் ஆட்களும் சேர்ந்து வேலை கொடுத்தார்கள். மருத்துவமனையை விட்டுப் போகும்போது தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர்கள் அந்தத் தரப்பில் 59 சதவீதம், மற்றதில் 35. எதை வைத்து அளந்தார்கள் தெரியுமா? குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, தலை வாருவது போன்றவை, கட்டிலிலிருந்து மாறுவது, கழிப்பறைக்குப் போவது என ஆறு செயல்கள், அத்தோடு தானாக நடப்பது. ஐ.சி.யூ. பற்றிய ஆய்வில் வெற்றிக்கு அளவுகோல் நம் சட்டையும் சோப்பும். இன்னொன்று 2016இல் வந்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்த்ததில், இதயச் செயலிழப்பு, நிமோனியா, மாரடைப்பு மூன்றிலும் நோயாளிகள் 30 நாளுக்குள் திரும்பி வருவது குறைந்ததோடு ஒத்துப்போன ஒரே செலவினம் ஆக்குபேஷனல் தெரபிதான். ஒத்துப்போவது வேறு, அதனால்தான் குறைந்தது என்பது வேறு, இதை நிர்வாகத்திடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மிகைப்படுத்தாதவர் என்ற பெயர் பிறகு கைகொடுக்கும்.

"பிசியோ மேடம்" விஷயம். ஒரு தரம் திருத்துங்கள், இரண்டாம் தரம் விட்டுவிடுங்கள். நம் பேரே நமக்கு எதிரி. தமிழில் தொழில்முறைச் சிகிச்சை என்றால் வேலை வாங்கித்தருகிற இடம் என்கிறார்கள். சுருக்கி "ஓ.டி.யிலிருந்து பேசறேன்" என்று போனில் சொன்னால் எதிர்முனையில் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்துப் பதறுகிறார்கள். ஒருமுறை என் குரலைக் கேட்டு வார்டில் ஒரு நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியே விட்டார்கள், பாதி வழியில் மடக்கினோம். சிரிக்கலாம். ஆனால் அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. 1917 மார்ச்சில் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்து இந்தத் துறைக்கான முதல் சங்கத்தைத் தொடங்கியது. அழைத்தவர் ஜார்ஜ் பார்ட்டன். அவர் டாக்டர் இல்லை, கட்டடக் கலைஞர். காசநோய், காலில் அறுவை, பிறகு உடம்பின் இடப்பக்கம் செயலிழப்பு என்று வரிசையாகப் பட்டவர். கை வேலையும் தோட்ட வேலையும் செய்து தன்னைத் தானே மீட்டுக்கொண்டவர். நம் துறையைக் கூட்டிவைத்தவர் ஒரு நோயாளி. பிசியோவிடம் இடத்துக்குச் சண்டை போடத் தோன்றும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன். உண்மையில் உங்கள் வார்டு பிசியோதான் உங்களுக்கு முதல் கூட்டாளி. அவர் நடக்கவைக்கும் நேரத்தில் கூடப் போய், "அப்படியே வாஷ்பேசின் வரை போய்ப் பல் தேய்ச்சுட்டு வரச் சொல்லலாமா?" என்று கேளுங்கள். ஒருவர் உடம்பைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் செயலைப் பார்க்கலாம். ஆளுக்கு அரை நேரம் மிச்சம்.

குழந்தைகள் சென்டர் பற்றி: குழந்தைகள் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போங்கள், நல்ல வேலை. இங்கிருந்து தப்பிக்க என்றால் வேண்டாம். அங்கேயும் படிவம் உண்டு, அங்கேயும் 45 நிமிஷத்துக்கு மேல் நேரம் தர மாட்டார்கள், "எப்ப மேடம் நார்மல் ஆவான்?" என்று கேட்கும் பெற்றோரிடமும் பார்க்காமல் பதில் சொல்லிவிடும் ஆபத்து உண்டு. ஆறு மாதம் நான் சொன்னபடி இங்கே செய்து பாருங்கள். எழுதியும் பேசியும் ரவுண்ட்ஸில் நின்றும் ஒன்றும் அசையவில்லை, டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் படிவம்தான் என்றால், அந்த இடத்தை விட்டு வேறு மருத்துவமனைக்குப் போங்கள். சில இடங்கள் மாறாது. அதை மாற்றியே தீருவேன் என்று இளமையைத் தொலைத்தவர்கள் எனக்குத் தெரியும்.

இப்போது எலும்பு வார்டு. நாளைக்குப் போங்கள். அதற்கு முன் இன்றைக்கே உங்கள் துறைத் தலைவரிடம் நடந்ததைச் சொல்லி, விழுந்த சம்பவத்தை உங்கள் மருத்துவமனை முறைப்படி எழுதிப் பதிந்துவிடுங்கள். மற்றவர் வாயால் அவர் கேட்கும்படி விடாதீர்கள். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்பதையும் அவரிடமே கலந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், "நான் அவரை நடக்கவெச்சுப் பார்க்காம சொல்லிட்டேன், இந்தத் தடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்பதற்கு மேல் வேண்டாம். அந்த அம்மா திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். நியாயம்தானே?

நோயாளியைத் தொடுவதற்கு முன் எலும்பு டாக்டரிடம் கேளுங்கள்: மூட்டை மாற்றினார்களா, ஆணி வைத்துப் பொருத்தினார்களா, அந்தக் காலில் எவ்வளவு பாரம் போடலாம், எந்த அசைவு கூடாது. மூட்டு மாற்றிப் பின்பக்கமாக அறுத்திருந்தால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, காலை மேலே போட்டுக் குறுக்கே வைப்பது, உள்பக்கம் திருப்புவது இவற்றுக்குத் தடை போடுவார்கள். இதில் உங்கள் ஆளுக்கு ஒரு கூடுதல் சிக்கல். ஆபரேஷன் ஆன கால் இடது கால். என் ஊகம் சரி என்றால், அவருக்குக் கவனத்தில் இல்லாத காலும் அதுதான். மற்றவர்களுக்கு "காலைக் குறுக்கே போடாதீங்க" என்று சொன்னால் போதும். இவருக்கு அந்தக் கால் எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம். வீல் சேரின் கால் தாங்கியிலிருந்து நழுவித் தரையில் இழுபடும், சக்கரத்துக்குள் இடது கை தொங்கும். வலிகூட அவருக்குச் சரியான நேரத்தில் எச்சரிக்கை கொடுக்காமல் போகலாம். எனவே இதை அவருக்கு மட்டும் சொல்லாமல், மூன்று ஷிப்ட் சிஸ்டர்களுக்கும் மனைவிக்கும் காட்டிக்கொடுங்கள். முடிந்தால் உங்கள் போனில் படமெடுத்துக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள், கால் எப்படி இருக்க வேண்டும் என்று. அவர் சம்மதம் கேட்டுவிட்டு.

பெர்ஜெகோ போடுங்கள். சட்டை போடவைத்துப் பாருங்கள். பேசும்போது நீங்கள் அவருடைய இடப்பக்கம் நில்லுங்கள், உங்கள் குரல் வரும் பக்கம் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பாருங்கள். வார்டில் விளக்கணைத்த பிறகு ஒருநாள் இருந்து, கட்டிலை விட்டு இறங்குவதிலிருந்து ஒரு முறை கழிப்பறைக்குக் கூடப் போய் வாருங்கள். பகலில் பார்க்கும் பத்து தடவையைவிட அந்த ஒரு தடவை அதிகம் காட்டும்.

பிறகு அந்த அம்மாவோடு உட்கார்ந்து, வீட்டு வீடியோவைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்: "ராத்திரி எழுந்தா, அவர் கட்டிலோட எந்தப் பக்கமா இறங்குவார்?"